கடைசிப் பந்திக்கு அவசரப்படாதையுங்கோ

"ரீச்சர், வாற வருசத்தில இருந்து உந்தப் பியூரிட்டன் பாட்டுகளைத் தூக்கிப்போடுவம் எண்டு யோசிக்கிறம். படிக்கிற ஆக்களுக்கு உது ஏறுதில்லை. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

போன கிழமை உங்களில ஒராள் ரெலிபோனில என்னட்டைக் கேட்ட கேள்வி இது. ஆர் எண்டு சொல்லமாட்டன். ஆனா ஆள் இப்ப கோப்பிக் கோப்பைக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கொண்டிருக்கிறார். நிமிருங்கோ, என்ர ராசா. நல்ல கேள்விதான். ஓய்வெடுத்த மனுசியைக் கூப்பிட்டு மட்டன் ரோல்ஸும் தந்து கேட்டிருக்கிறியள். தின்னிட்டு வாயை மூடிக்கொண்டு போற ஆள் நானில்லை எண்டு உங்களுக்குத் தெரியும்.

தூக்கிப்போடுறதெண்டால் போடுங்கோ, வகுப்பு இப்ப உங்கட கையில. ஆனா போட முன்னம் ஒரு கோடைகால வகுப்பின்ர கதையைக் கேட்டிட்டுப் போடுங்கோ.

கட்டுரை எப்பிடி எழுதிறது, எப்பிடித் திருத்திறது எண்டெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். எனக்குச் சொல்ல இருக்கிறது வேற. இது வளர்ந்த ஆக்கள் படிக்கிற பள்ளிக்கூடம். இஞ்ச வாறவை கொப்பியை மட்டும் தூக்கிக்கொண்டு வாறேல்லை. ஒரு வாழ்க்கையைப் பாதியில விட்டிட்டு, இன்னொண்டைத் தொடங்க ஒரு ஆங்கிலப் பாடம் தேவைப்படுது எண்டு வந்து இருக்கினம். அவைக்கு முன்னால நூற்றாண்டுக்கணக்கில பழசான பாட்டை எடுத்து வைச்சால், "உது எனக்கு என்னத்துக்கு?" எண்டு கேட்கத்தான் செய்வினம். வேலைக்கு வந்த புதுசில நானே கேட்டனான். யாழ்ப்பாணத்தில திருநீறு பூசி வளர்ந்த எனக்கும் உந்த ஆக்களுக்கும் என்ன கோதாரிச் சம்பந்தம் எண்டு.

பியூரிட்டன் எண்டால் ஆர்? தங்கட விருப்பப்படி கும்பிட விடேல்லை எண்டு இங்கிலாந்தில இருந்து கப்பலேறி, அமெரிக்காக் கரையில வந்து குடியேறின கடும் பக்திக்காரர். வந்த இடத்தில ஏற்கெனவே ஆக்கள் இருந்தவை. அதையும் ஒளிக்காமல் படிப்பியுங்கோ. உந்தப் பக்திக்காரரின்ர பாட்டுகளில திரும்பத் திரும்ப ஒரே இழுபறிதான். புருசனில, பிள்ளையில, வீட்டில, வீட்டுச் சாமானில உயிரையே வைச்சிருப்பினம். உடன ஒரு பயம் வந்திடும், அளவுக்கு மிஞ்சி அன்பு வைச்சால் கடவுள் எடுத்திடுவாரோ எண்டு. அதால பாட்டின்ர கடைசிப் பந்தியில, அந்தக் கடைசி நாலு வரியில வந்து, உதெல்லாம் தூசு, என்ர சொத்து மேல இருக்கு எண்டு முடிச்சுப்போடுவினம். நாங்களும் அந்தக் கடைசிப் பந்தியைத்தான் பரீட்சைக்கு எழுதுவிப்பம்.

அப்ப எனக்குத் தலைமையா இருந்தவ ஒரு வயசான வெள்ளைக்கார மனுசி. ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போறவ, கறாரான ஆள். என்ர முதல் வருசம் ஒரு நாள் வகுப்பில பின்வரிசை வாங்கில வந்து இருந்து பார்த்தா. முடிய, என்னைக் கூப்பிட்டு ரண்டு விசயம் சொன்னா. "கடைசிப் பந்திக்கு ஓடாதை. அதைப் படிப்பிக்கிறது சுகம், அதால எல்லாரும் அங்க ஓடுவினம்." மற்றது, "வகுப்பு கலங்கினால் ஆளைப் பாராதை, பக்கத்தைப் பார்." முதலாவது எனக்கு அப்பவே விளங்கினது. ரண்டாவது விளங்கிறதுக்கு றெஜினா வரவேண்டியிருந்தது.

றெஜினா மன்னாரில இருந்து வந்த வேதக்காரப் பிள்ளை, கத்தோலிக்கம். பிள்ளை எண்டு சொல்லுறன், அவவுக்கு அப்ப ஐம்பது வயசிருக்கும். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில அஜக்ஸில வீடு. ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில சமையல் வேலை செய்துகொண்டு, நேர்சிங் படிக்கிறதுக்கு ஆங்கிலப் பாடம் தேவை எண்டு வந்தவ. அந்த இளவேனிலிலதான் அவவின்ர புருசன் காலமானவர். வகுப்பில இருந்த தமிழ் ஆக்கள் எல்லாருக்கும் அது தெரியும். எங்கட சனத்துக்கு உதெல்லாம் றேடியோவில சொல்லவேண்டிய தேவையில்லைத்தானே.

ஆடி மாதத்து வெக்கை, எங்கட அறையில ஏசியும் வேலை செய்யேல்லை. மற்றாக்கள் கொப்பியால விசுக்கிக்கொண்டிருக்க, றெஜினா மட்டும் கழுத்து மட்டும் பொத்தான் பூட்டின கம்பளிச் சட்டையோட இருப்பா. "கழட்டுமன் றெஜினா, அவிஞ்சு போவீர்" எண்டு ரண்டு தரம் சொல்லிப் பார்த்தன். "எனக்குக் குளிருது ரீச்சர்" எண்டா. முகம் வேர்த்து வடியுது. சரி, துக்கத்தில இருக்கிற மனுசி, விட்டிட்டன்.

பாட்டுகளைத் திறக்க முன்னம் எப்பவும் நான் ஒரு வேலை செய்விப்பன். எல்லாரையும் வட்டமா இருத்தி, வீட்டில இருக்கிற ஒரு சாமானைச் சொல்லச் சொல்லுவன். தொலைஞ்சால் தாங்கமாட்டன் எண்டு நினைக்கிற சாமான். ஆளைச் சொல்லக்கூடாது, படத்தைச் சொல்லக்கூடாது. எழுதவும் தேவையில்லை, வாயால சொன்னால் போதும்.

பிறம்ரனில இருந்து ஒரு பெடியன் வாறவன், சுதன். ட்ரக் ஓடுறவன், வாய்க்காரன். கலியாணம் முடிச்சு மனுசியை ஊரில விட்டிட்டு, விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தவன். அவன் சொன்ன சாமான் ஒரு தலையணை உறை. "பிளேன் ஏறேக்க மனுசி தந்தவ, ரீச்சர். இன்னும் தோய்க்கேல்லை." வகுப்பு விழுந்து விழுந்து சிரிச்சது. "ஐயோ, தோய்க்காமலோ!" எண்டு ஒருத்தி மூக்கைப் பொத்தினா. "தோய்ச்சால் அவவின்ர மணம் போயிடுமெல்லோ" எண்டு அவன் வெக்கமில்லாமல் சொன்னான். ஜமேக்காவில இருந்து வந்த ஒரு மனுசி, தாய் சமைச்ச இரும்புச் சட்டியைச் சொன்னா. அப்பிடியே வட்டம் சுத்தி றெஜினாவிட்டை வந்தது.

"என்னட்டை அப்பிடி ஒண்டுமில்லை" எண்டா. "எல்லாம் ஆண்டவருடையது."

சுதன் மெல்ல, "அப்ப அக்கா, உந்த ஹான்ட்பாக்கை எனக்குத் தாங்கோவன்" எண்டான். எல்லாரும் சிரிச்சினம், றெஜினா சிரிக்கேல்லை.

அடுத்த கிழமை ஒரு பாட்டை எடுத்தம். எழுதின ஆளின்ர பேரில்லாமல் எங்கட பழைய பாடக்கட்டில கிடந்த ஒண்டு. புருசன் கடலில போய்த் திரும்பேல்லை. மனுசி வீட்டில நிண்டு ஒவ்வொரு சாமானாப் பார்க்கிறா. அடுப்படியில அவன் இருந்த கதிரை, விளிம்பு உடைஞ்ச அவன்ர கோப்பை, கதவுக்குப் பின்னால கொளுவியில அவன்ர தோள் மடிப்போட தொங்கிற கோட்டு. பிறகு கடைசிப் பந்தி, உங்களுக்குத் தெரியும்தானே, எல்லாம் தூசு, போய்வா எண்டு முடியும்.

றெஜினா எழுதித் தந்த கட்டுரை நேர்த்தி. பிழை கண்டுபிடிக்கேலாது. உலகப் பொருள் குப்பை, விசுவாசம்தான் செல்வம், இந்தப் பெண் எங்களுக்கு நல்ல முன்மாதிரி எண்டு எழுதியிருந்தா. வாசிச்சுப்போட்டு எனக்கு ஒரு மாதிரியா இருந்தது. துக்கத்தில இருக்கிற மனுசி எழுதினது மாதிரியில்லை, பூசையில பிரசங்கம் கேட்ட மாதிரி. ஆனா என்னெண்டு பிழை போடுறது? நல்ல புள்ளி போட்டுக் குடுத்தன்.

அண்டைக்கு வகுப்பில அந்தப் பாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்க, சுதன் கையைத் தூக்கினான்.

"ரீச்சர், உவ பொய் சொல்லுறா."

"ஆர்?"

"உந்தப் பாட்டு எழுதினவ. தூசு எண்டு நினைக்கிறவ ஏன் கோப்பையின்ர விளிம்பு உடைஞ்சதை நினைவு வைச்சிருக்கிறா? கடவுளுக்கு நல்லபிள்ளைக்கு நடிக்கிறா."

நான் வாயைத் திறக்க முன்னம் றெஜினா எழும்பிட்டா.

"தம்பி, உமக்கு என்ன தெரியும்? செத்தவீடு கண்டனீரோ? அவ மனசார எல்லாத்தையும் விட்டவ. விடலாம். விட ஏலும்!"

"ஏலாதக்கா. ஒரு தலையணை உறையை என்னால விட ஏலாது, உவ என்னண்டு..."

"உம்மட ஊத்தைத் தலையணையும் இதுவும் ஒண்டோ!"

இங்கிலிசில தொடங்கின சண்டை தமிழுக்கு வந்திட்டுது. றெஜினா மேசைக்கு மேலால குனிஞ்சு விரலை நீட்டிறா, முகமெல்லாம் சிவந்துபோச்சு. அந்த வெக்கையில மூச்சு முட்டியிருக்கவேணும், மற்றக் கையால கழுத்துச் சட்டையை இழுத்தா. மேல் பொத்தான் தெறிச்சுது. உள்ள இருந்து தாலிக்கொடி வெளியில வந்து விழுந்தது.

சும்மா சங்கிலி இல்லை பிள்ளையள். மொத்தமான முறுக்குக் கொடி, நுனியில புறாப் போட்ட தாலி. அது மேசைக்கு மேல தொங்கி ஆடுது.

இஞ்ச பிறந்து வளர்ந்த உங்களுக்கு அந்த நிமிசம் எப்பிடிப்பட்டதெண்டு விளங்குமோ தெரியாது. எங்கட சனத்தில புருசன் போனால் தாலி கழுத்தில இருக்காது. சைவக்காரர் எண்டாலென்ன, வேதக்காரர் எண்டாலென்ன, றெஜினாவின்ர ஆக்களிலயும் அதுதான் வழக்கம். அது சரியோ பிழையோ எண்டு நான் இப்ப வாதாட வரேல்லை. அறையில இருந்த தமிழ் ஆக்கள் எல்லாரும் விறைச்சுப்போச்சினம். பின்னால ஒருத்தி, "யேசுவே" எண்டு நெஞ்சில கையை வைச்சா. ஒருத்தர் நிலத்தைப் பார்த்தார். ஜமேக்கா மனுசிக்கு ஒண்டும் விளங்கேல்லை. "கடவுளே, எவ்வளவு வடிவான சங்கிலி!" எண்டு வாய்விட்டுச் சொன்னா.

றெஜினாவின்ர விரல் நீட்டினபடி நிண்டுது. கண் கதவைப் பார்க்குது.

இப்ப சொல்லுங்கோ, நீங்கள் என்ன செய்வியள்? இடைவேளை விடுவியளோ? விட்டிருந்தால் அவ அந்தக் கதவால போனவ போனவதான். பிறகு படிப்புமில்லை, நேர்சிங்குமில்லை, சாகும்வரை அந்தப் பொத்தான் பூட்டித்தான் இருந்திருக்கும். ஆறுதல் சொல்லுவியளோ? அத்தனை பேருக்கு முன்னால ஆறுதல் சொல்லுறதும் அடிக்கிறதும் ஒண்டுதான். சுதனை ஏசுவியளோ? ஏசினால், நடந்தது பெரிய அவமானம் எண்டு நானே முத்திரை குத்தின மாதிரி. அப்பதான் அந்த வெள்ளைக்கார மனுசி சொன்னது நினைவுக்கு வந்தது. ஆளைப் பாராதை, பக்கத்தைப் பார்.

நான் தாளைக் குனிஞ்சு பார்த்தன்.

"சுதன், பாட்டை வாசியும். முதலில இருந்து."

"அக்கா, சொறி, நான் வந்து..."

"மன்னிப்புக் கேட்கச் சொல்லேல்லை. வாசிக்கச் சொன்னனான். கடைசிப் பந்தி வேண்டாம், அதுக்கு முன்னால நிப்பாட்டும்."

அவனுக்கு வேற வழியில்லை, வாசிச்சான். அவன்ர வாசிப்பு உங்களுக்குத் தெரியாது, றிவேர்சில ட்ரக்கை எடுக்கிற மாதிரி. ஒவ்வொரு சொல்லாப் பார்த்துப் பார்த்து வரும். ஆனா அண்டைக்கு அதுதான் நல்லது செய்தது. கதிரை. கோப்பை. கோப்பையின்ர விளிம்பு. கொளுவி. கோட்டு. கோட்டுக்கு வந்தவன் நிண்டிட்டான்.

"ரீச்சர், அவ இதிலயே நிக்கிறா என்ன? கதிரைக்கு ஒரு வரி, கோப்பைக்கு ஒரு வரி. கோட்டைத்தான் விட்டுப் போகமாட்டாமல் நிக்கிறா."

"ஓம்" எண்டன்.

றெஜினா மெல்லக் கதிரையில இருந்தா. கொடியை எடுத்து உள்ள போடப் போறா எண்டு நினைச்சன், போடேல்லை. அதைக் கையால பொத்திப் பிடிச்சுக்கொண்டு கேட்டா.

"ரீச்சர், அவ இதை எழுதேக்க கடவுள் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்?"

"அந்தச் சனம் அப்பிடித்தான் நம்பினது. ஒரு சொல்லும் அவருக்குத் தெரியாமல் எழுதேலாது எண்டு."

"அப்ப அவ பயப்பிடேல்லையோ?"

"பயந்திருப்பா. பயந்ததாலதான் கடைசிப் பந்தி. ஆனா பாரும் றெஜினா, கடைசிப் பந்தி எழுதினாப் பிறகு அவ மேல் வரிகளுக்குத் திரும்பிப் போய் அந்தக் கோட்டு வரியை வெட்டேல்லை. அவர் வாசிப்பார் எண்டு தெரிஞ்சும் அப்பிடியே விட்டிருக்கிறா."

அவ தாளை எடுத்துப் பார்த்தா. மணி அடிக்கும்வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தா.

வகுப்பு முடிய எல்லாரும் போச்சினம். றெஜினா போகேல்லை. அவவை ஒவ்வொரு நாளும் காரில கூட்டிக்கொண்டு போறவர் புருசன்ர தமையன். பிக்கரிங்கில இருக்கிறவர், தங்கமான மனிசன். அண்டைக்கு ஹைவேயில எங்கயோ விபத்து, வரப் பிந்துது. நடையில இருந்த வாங்கில ரண்டு பேரும் இருந்தம். நான் ஒண்டும் கேட்கேல்லை, அவவாத்தான் சொன்னா.

அதுக்கு முந்தின வருசம் புருசனுக்கு மாரடைப்பு வந்து ஆள் தப்புமோ எண்ட நிலையில கிடந்தாராம். டொக்ரர் வெளியில வந்து உதட்டைப் பிதுக்கினாப் பிறகு, ஆஸ்பத்திரி நடையில முழங்காலில நிண்டு றெஜினா ஊர் மாதாவுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறா. இவர் எழும்பி வரட்டும், தாலிக்கொடியைக் கழட்டி உம்மட காலடியில வைக்கிறன் எண்டு. ஆள் எழும்பிட்டார். வீட்டுக்கும் வந்திட்டார்.

"எழும்பி வந்த மனுசனுக்கு முன்னால தாலியை எப்பிடி ரீச்சர் கழட்டிறது?" எண்டா. "உயிரோட இருக்கிற மனுசன். விடிய எழும்பித் தேத்தண்ணி கேக்கிற மனுசன். பிறகு, பிறகு எண்டு விட்டிட்டன். நத்தார் முடியட்டும் எண்டன். பாஸ்குப் பெருநாள், உயிர்த்த ஞாயிறு முடியட்டும் எண்டன். பாஸ்கு வரவிடேல்லை, மாதா எடுத்திட்டா. நான் குடுக்காததாலதான் எடுத்தவ."

அட கடவுளே. புருசன்ர உயிருக்குத் தாலியை ஈடு வைக்கிறதெண்டால் எங்கட பொம்பிளையளால மட்டும்தான் ஏலும். அந்த நேரத்தில கையில இருக்கிறதுக்குள்ள பெரிசு எதுவோ அதைத்தானே தூக்கிக் குடுப்பம். குடுத்தால் புருசன் இருக்கேக்கயே வெறுங்கழுத்து, குடுக்காட்டி நேர்த்திக்கடன். தப்ப வழியில்லை.

"உங்கட கோயில் சுவாமியாரிட்டைக் கேட்டீரோ?"

"கேட்டனான். மாதா கந்துவட்டிக்காரியில்லை பிள்ளை, போய் நிம்மதியா நித்திரை கொள்ளு எண்டவர். நித்திரை வரவேணுமே." கண்ணைத் துடைச்சா. "அத்தான், இவரின்ர தமையன், வாற கிழமை ஊருக்குப் போறார், ஆவணித் திருவிழாவுக்கு. கொடியைத் தா, நான் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாறன், தம்பியின்ர ஆத்துமத்துக்கும் நல்லது எண்டு சொல்லுறார். நானும் ஓம் எண்டிட்டன். இது குப்பை, வெறும் உலோகம் எண்டு ஒவ்வொரு நாளும் எனக்குள்ள சொல்லிப் பார்க்கிறன். கழட்டப் போகேக்க கை வருதில்லை, ரீச்சர். திரும்பக் குடுக்காமல் விட்டால் இனி ஆரை எடுப்பாவோ எண்டும் பயமாக் கிடக்கு. எனக்கு ஒரேயொரு மகள்."

அப்பதான் அந்தக் கட்டுரை எனக்கு விளங்கினது. அவ பாட்டைப் பற்றி எழுதேல்லை. தன்ர கையை ஏவி ஏவி எழுதியிருக்கிறா.

நான் என்ன சொல்லுறது? நான் சைவக்காரி, ஆங்கிலம் படிப்பிக்கிறவ. சுவாமியாராலயே ஆத்தேலாததை நான் ஆத்திறதோ? எனக்குத் தெரிஞ்சது அந்தப் பாட்டுகள்தான், அதால அதைச் சொன்னன்.

"றெஜினா, அந்தச் சனமும் உதே பயத்தோடதான் சீவிச்சது. பிள்ளை செத்தால், நான் கூட அன்பு வைச்சிட்டன், அதாலதான் எடுத்தவரோ எண்டு தங்களைத் தாங்களே கேட்டவை. ஆனா குறைச்சு அன்பு வைக்கிறது எப்பிடி எண்டு அவையளில ஒருத்தரும் கண்டுபிடிச்ச மாதிரித் தெரியேல்லை. குடுக்கிறதோ வைச்சிருக்கிறதோ உம்மட பாடு. ஆனா குப்பை எண்டு சொல்லிக் குடுக்காதையும். குப்பையை ஆரும் மாதாவுக்குக் குடுப்பினமோ?"

அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. ஏதோ சொல்ல வெளிக்கிட, வெளியில கார் ஹோர்ன் கேட்டுது. எழும்பிப் போயிட்டா.

அடுத்த ரண்டு நாளும் றெஜினா வகுப்புக்கு வரேல்லை. சுதன் என்னைக் காணுற நேரமெல்லாம், "அக்கா வருவாவோ ரீச்சர்?" எண்டு கேட்டுக்கொண்டு நிண்டான். "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமெல்லோ" எண்டு ஏசினன். பாவம், அவனுக்கும் முகம் செத்துப்போச்சு.

கடைசி நாள், ஒவ்வொருத்தரும் முன்னால வந்து ஒரு பாட்டைப் பற்றித் தங்கட சொல்லில கதைக்கவேணும். கதைக்காட்டிப் பாடம் பாஸ் இல்லை. வகுப்புத் தொடங்கி அரைவாசி போச்சு, றெஜினாவைக் காணேல்லை. நான் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறன். ஒரு பிலிப்பைன்ஸ் பெடியன் கதைச்சுக்கொண்டிருக்கேக்க கதவு திறந்தது.

கம்பளிச் சட்டை இல்லை. வெள்ளை நூல் சட்டை, கழுத்து திறந்து கிடக்கு. அதில கொடி, எல்லாருக்கும் தெரியத்தக்கதா. ஆனா நுனியில தாலி இல்லை.

பெயரைக் கூப்பிட, முன்னால வந்தா. கையில தாளில்லை. அவவின்ர ஆங்கிலத்தை நான் உங்களுக்குத் தமிழில சொல்லுறன்.

"முதல் நாள் ரீச்சர் கேட்டவ, தொலைஞ்சால் தாங்கேலாத சாமான் என்னெண்டு. நான் ஒண்டுமில்லை எண்டன். அது பொய். சுதன், நீர் பாட்டுக்காரியைப் பொய் சொல்லுறா எண்டு சொன்னீர். அவவில்லை, நான்."

சுதன் குனிஞ்சுகொண்டான்.

"நாங்கள் இடம்பெயர்ந்து நிக்கேக்க ஒரு கோயிலில கலியாணம் கட்டினனாங்கள். கொடி செய்யிறதுக்கு வழியில்லை. சுவாமியார் தாலியை மந்திரிச்சுத் தர, இவர் மஞ்சள் கயித்தில கோத்துக் கட்டினவர். தாலி ஆண்டவருக்கு முன்னால கட்டினது. நான் நேந்தது உயிருக்கு, உயிர் தந்தது ஆண்டவர். அதால தாலி மாதாட்டைப் போகுது. நேற்று நகைக்கடையில குடுத்துக் கழட்டினனான்." கொடியைத் தொட்டா. "இது பிறகு வந்தது. ரொறன்ரோவில ஒரு ஹோட்டல் குசினியில இவர் கோப்பை கழுவிக் கழுவிச் செய்வித்தது. கை தோலுரிஞ்சு வீட்டுக்கு வருவார். அந்தப் பாட்டில இருக்கிற மனுசிக்கு அந்தக் கோட்டு மாதிரி எனக்கு இது. கொடியும் சேர்த்துத்தான் நேந்தனான் எண்டு மாதாவுக்குத் தெரியும். ஆனா இதை என்னால ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். குப்பை எண்டு சொல்லேல்லை. என்ர உயிர் எண்டு சொன்னனான். அவவும் ஒரு பிள்ளையைப் பறிகுடுத்தவ. விளங்கும்."

அவ்வளவுதான். பாட்டின்ர உவமை, சந்தம் ஒண்டும் அவ சொல்லேல்லை. நான் முழுப் புள்ளியும் போட்டன். கேட்க வாற ஆள் வரட்டும் எண்டு போட்டன்.

முதலில கை தட்டினது ஜமேக்கா மனுசி. சுதன் எழும்பி, "அக்கா, நான் சொன்னது பிழை. அவ நடிக்கேல்லை. மேல எழுதினதும் உண்மை, கீழ எழுதினதும் உண்மை" எண்டான். இவ்வளவு காலம் படிப்பிச்சதில உந்தப் பாட்டுகளைப் பற்றி இதைவிடத் திறமா ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. சட்டியில இருந்தால்தானே அகப்பையில வரும்.

றெஜினா இப்ப நேர்ஸ். அஜக்ஸிலதான் வேலை. கொடியைக் கழட்டேல்லை, கதைக்கிற சனம் கதைக்குது. சுதன்ர மனுசியும் வந்து சேர்ந்திட்டா. வந்த அண்டைக்கே அந்தத் தலையணை உறையைத் தூக்கி மெசினில போட்டிட்டாவாம். "முழு விசரி ரீச்சர்" எண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னான்.

அதால நான் சொல்லுறது இவ்வளவும்தான். உந்தப் பாட்டுகள் பக்திக்காரருக்கு எண்டு நினைச்சுத் தூக்கிப்போடாதையுங்கோ. விட வேண்டியதை விடமாட்டாமல் நிக்கிற ஆக்கள்தான் உங்கட வகுப்பு முழுக்க இருக்கினம். ஊர், வீடு, தாய், பழைய வேலை. அவைக்குக் கடைசிப் பந்தியை முதல் நாளே நீட்டினால், நல்லபிள்ளைக்கு எழுதித் தந்திட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போவினம். கதிரையில நிண்டு, கோப்பையில நிண்டு, கோட்டில நிண்டு படிப்பியுங்கோ. எந்த வகுப்பில எவரின்ர பொத்தான் தெறிக்கும் எண்டு தெரியாது. தெறிச்சால் ஆளைப் பாராதையுங்கோ, தாளைப் பாருங்கோ. அதையும் அன்போட பாருங்கோ.

எங்க எழும்பிறியள்? இருங்கோ, றெஜினாவின்ர புருசன்ர தமையனைச் சொல்ல விட்டிட்டன்.

அந்தக் கடைசி நாள் வகுப்பு முடிய அவர் வாசலில நிண்டார். தாலியைக் கைலேஞ்சியில சுத்தி, சேட் பொக்கற்றில வைச்சு, மேல கையை வைச்சுக்கொண்டு நிண்டார். கொடியைக் கேட்டு வாங்கேலாமல் போனதில மனுசனுக்குக் கோவமோ எண்டு எனக்கு உள்ளுக்க பயம். "அண்ணை, றெஜினா இண்டைக்கு நல்லாக் கதைச்சவ" எண்டு மெல்லத் தொடங்கினன்.

"கேட்டனான் ரீச்சர், கதவுக்கு வெளியில நிண்டனான்" எண்டார். பிறகு தன்ர ரண்டு கையையும் விரிச்சுப் பார்த்தார். "நானும் தம்பியும் ஒரே தொட்டியிலதான் கோப்பை கழுவினனாங்கள். அவன் கழுவுவான், நான் துடைப்பன். எனக்குத் தெரிஞ்சிருக்கவேணும்."

றெஜினா காரில ஏறிக்கொண்டிருந்தா. வெய்யிலில கொடி மின்னினது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இவ்வளவு நாளும் நான் அதைத் தங்கம் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."